ஆசிரியருக்கு: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு அக்கவுண்ட் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிபி கேட்டு ஏமாற்றியது, டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறித்தது, கூரியரில் போதைப்பொருள் வந்திருக்கிறது என்று பயமுறுத்தியது என இந்த மாதிரிச் செய்தி உங்கள் நாளிதழில் வராத வாரம் இல்லை. கூடவே 1930-க்குப் போன் செய்யுங்கள் என்று மறக்காமல் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் வெளியிலிருந்து வருகிற திருடனைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறோம். யார் வந்து உட்கார்ந்தாலும் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிற மாதிரி நம் வீட்டுக் கம்ப்யூட்டர் கிடக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு முழுசாகப் போடுங்கள்.

நான் காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை செய்கிறேன். வேலூர் டவுன், சத்துவாச்சாரி, பாகாயம், ஒரு பக்கம் குடியாத்தம், இன்னொரு பக்கம் ராணிப்பேட்டை, ஆற்காடு என்று பழைய வடஆற்காடு ஜில்லாவில் பல ஊர்களுக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்வருகிறேன். திறந்து பார்க்கிற சிஸ்டங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வீட்டில் நான்கு பேர், கம்ப்யூட்டரில் ஒரே ஒரு யூசர் அக்கவுண்ட். அதுவும் எதையும் நிறுவ, மாற்ற, அழிக்க முழு அதிகாரம் உள்ள அட்மின் அக்கவுண்ட். பாஸ்வேர்டு இருக்காது, இருந்தால் அது மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அந்த அக்கவுண்ட்டின் பெயரைக் கேட்டால் ‘டெல்’ என்றோ ‘ஹெச்பி’ என்றோ ‘யூசர்’ என்றோ இருக்கும், அதாவது வீட்டுக்காரர் யாருடைய பெயரும் அதில் இல்லை.

காந்தி நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். டெஸ்க்டாப் முழுக்க ஐகான். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பென்ஷன் ஆர்டர், மகளின் ஜாதகம், மருமகனின் பாஸ்போர்ட் முதல் பக்கம், அப்புறம் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்றே பெயர் வைத்த ஒரு நோட்பேட் ஃபைல். அதற்குப் பக்கத்திலேயே பேரன் இறக்கிய கேமின் கிராக், அதாவது காசு கொடுக்காமல் கேமை ஓட்டுவதற்கான திருட்டு ஃபைல். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை ஓட்டவும் என்று அந்த கிராக்கோடு வந்த குறிப்பிலேயே எழுதியிருந்தது, பையன் அப்படியே செய்திருந்தான். பையன் மேல் குற்றமில்லை, அவனுக்குப் பதினொரு வயது. நிறுத்தாதே என்று கம்ப்யூட்டர் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் உட்கார்ந்திருப்பது தாத்தாவா பேரனா என்று அதற்குத் தெரியாது. ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மின் என்றால் பேரன் கைக்கும் தாத்தாவின் முழு அதிகாரம் வந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டரை உபயோகிக்கிற ஒவ்வொருவருக்கும் தனி அக்கவுண்ட் வேண்டும், அது அட்மினாக இருக்கக் கூடாது. அட்மின் அக்கவுண்ட் தனியாக, பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டுகிற சாவி கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் கையில் இருக்க வேண்டும், விற்ற கடைக்காரர் கையில் அல்ல, என்னைப் போல ரிப்பேர் செய்கிறவன் கையிலும் அல்ல. இதில் எதற்கும் பத்து பைசா செலவில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது.

எல்லோரும் ஒரே அட்மின் அக்கவுண்ட்டில் உட்காருகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய விண்டோஸ் 95, 98 காலத்திலிருந்து வந்தது. அப்போது ஆரம்பத்தில் பாஸ்வேர்டு கேட்கும், கேன்சல் அழுத்தினால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். அப்புறம் 2001-ல் எக்ஸ்பி வந்தது, வீட்டில் போடுகிற அக்கவுண்ட் எல்லாம் அட்மினாகவே அமைந்தது. நம் ஊரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட தலைமுறை இதில் கற்றுக்கொண்டதுதான். 2007-ல் விஸ்டா வந்தபோது, ஏதாவது புதிதாக நிறுவினால் திரை மங்கி ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்கிறதே, அது வந்தது. அட்மின் அக்கவுண்ட்டில் இருந்தால் அதில் ‘யெஸ்’ அழுத்தினால் போதும், எல்லோரும் படிக்காமலேயே அழுத்துகிறார்கள். அதே கேள்வி சாதாரண அக்கவுண்ட்டில், அதாவது ஸ்டாண்டர்டு என்று போட்டிருக்கிற அக்கவுண்ட்டில் வந்தால் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். பேரனுக்கு அது தெரியாது, தாத்தாவைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு நிமிடத் தாமதத்திலேயே பாதி வைரஸ் வீட்டுக்குள் வராமல் நின்றுவிடும் என்பது என் வேலையில் நான் கண்டது.

மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘புது அக்கவுண்ட் போட்டால் என் ஃபைல் எல்லாம் போய்விடுமே’ என்கிற பயம்தான் பலரைத் தடுக்கிறது. இப்போது இருக்கிற அக்கவுண்ட்டை விட்டு நீங்கள் நகரவே வேண்டாம். செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட்ஸ் போய், ‘அதர் யூசர்ஸ்’ என்ற இடத்தில் (விண்டோஸ் 10 என்றால் ‘ஃபேமிலி அண்டு அதர் யூசர்ஸ்’) புதிதாக ஓர் அக்கவுண்ட் போட்டு அதை அட்மின் ஆக்குங்கள். மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி கேட்கும்; இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்கிற வரியை அழுத்தினால் மெயில் இல்லாமலேயே போட வழி காட்டும். மூன்று கேள்வி கேட்டு பதில் வாங்கும், பிறந்த ஊர், செல்லப்பிராணி பெயர் என்றெல்லாம். உண்மையான பதில் போடாதீர்கள், பிறந்த ஊர் குடியாத்தம் என்பது தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். பிறகு அந்தப் புது அட்மினில் ஒருமுறை நுழைந்து, பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, உங்கள் பழைய அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டாக மாற்றிவிடுங்கள். வரிசை முக்கியம், முதலில் புது அட்மின், அப்புறம்தான் பழையதை இறக்குவது. உங்கள் டெஸ்க்டாப், போட்டோ, பிரவுசர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

சரி, அக்கவுண்ட் பிரித்தாயிற்று, எல்லாம் பத்திரம் என்று நினைத்தால் இங்கேதான் ஓர் ஓட்டை இருக்கிறது, படித்தவர்களுக்கும் இது தெரிவதில்லை. சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் உண்டு. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு ஸ்டாண்டர்டு யூசர் இன்னொருவர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் விண்டோஸ் மறுத்துவிடும். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் யாரும் ஃபைலை அங்கே வைப்பதில்லையே. விண்டோஸ் போடுகிறபோதே டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து, ‘முக்கியமானதையெல்லாம் டி-யில வெச்சிக்கோங்க சார், ஃபார்மட் அடிச்சாலும் போகாது’ என்று சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழிலில் வழிவழியாக வந்த பழக்கம். ஃபார்மட்டைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் உள்ள யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்பதுதான் விண்டோஸ் வைத்திருக்கிற முன்னிருப்பு. அதாவது நான்கு அக்கவுண்ட் போட்டுவிட்டு டி-யில் ஃபைல் வைத்தால், ஃபைலைப் பொறுத்தவரை பழைய கதைதான்.

இதைச் சரிசெய்ய டி-யில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று உள்ளே போக வேண்டும். யாருக்கு என்ன அனுமதி என்று ஒரு பட்டியல் அங்கே இருக்கும். முதலில் உங்கள் பெயரைச் சேர்த்து முழு அனுமதி கொடுங்கள். பிறகு மேல் ஃபோல்டரிலிருந்து அனுமதி இறங்கி வருவதை நிறுத்துகிற பட்டன் ஒன்று அங்கேயே உண்டு, ‘டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ என்று இருக்கும். அதை அழுத்தினால் இருக்கிற அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் எடுத்துவிடவா என்று கேட்கும், வைத்துக்கொள் என்றே சொல்லுங்கள். அப்புறம் பட்டியலில் ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’, ‘யூசர்ஸ்’ இரண்டையும் நீக்கிவிடுங்கள். ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டிலும் கை வைக்க வேண்டாம். இன்னொன்று, யாரையும் தடுக்க வேண்டும் என்று ‘எவ்ரிஒன்’ என்பதற்கு ‘டினை’ போட்டுவிடாதீர்கள். எல்லோரும் என்றால் அதில் நீங்களும் அடக்கம், அப்புறம் உங்கள் ஃபோல்டரை நீங்களே திறக்க முடியாமல் என்னைக் கூப்பிடுவீர்கள். சி டிரைவின் மேல்மட்டத்தில், அதாவது முழு டிரைவின் மேலேயே போய் இதையெல்லாம் செய்து பார்க்கவே கூடாது, விண்டோஸே எழுந்திருக்காமல் போய்விடும்.

பென்டிரைவில் இந்த அனுமதி எதுவும் நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்குகிற பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வருகிறது, அந்த முறையில் யாருடைய ஃபைல் என்று எழுதிவைக்கவே இடம் கிடையாது. அதை எழுதிவைப்பது என்டிஎஃப்எஸ், அது 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்தது. ஆகவே பென்டிரைவ் கீழே விழுந்தால் எடுத்தவருக்கு எல்லாம் சொந்தம்.

இனி கடைகளைப் பற்றி. வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு, ஆற்காடு ரோடு பக்கம் எத்தனை லாட்ஜ், எத்தனை ஜெராக்ஸ் கடை என்று. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், இன்னும் வங்கதேசம் வரையிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கள் ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாஸ்போர்ட், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கோ மெயிலுக்கோ அனுப்பி பிரிண்ட் எடுக்கிறார்கள். பிரிண்ட் எடுத்ததும் நோயாளி போய்விடுகிறார், ஃபைல் கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்கிறது. சர்வீஸுக்குப் போகிறபோது அந்த ஃபோல்டரைத் திறந்தால் மாதக்கணக்கில் சேர்ந்தது அப்படியே இருக்கிறது. புற்றுநோய் ரிப்போர்ட், கருத்தரிப்பு சிகிச்சை ரிப்போர்ட், பெயரோடு, வயதோடு, போன் நம்பரோடு. அந்த சிஸ்டத்தில் மாறி மாறி மூன்று பையன்கள் உட்காருகிறார்கள், நடுவில் ‘அண்ணே, ஒரு மெயில் பார்த்துக்கட்டுமா’ என்று வாடிக்கையாளரும் உட்காருகிறார். எனக்கு இதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அந்த மனிதர் எங்கேயோ இருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, பாஷை தெரியாத ஊரில், நம்மை நம்பி அனுப்பிய காகிதம் அது.

கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பலருக்கு அது அங்கே தங்குகிறது என்பதே நினைவில் இருப்பதில்லை, கூட்டம் அப்படி. ஆனால் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்று ஒன்று உண்டு. டவுன்லோட்ஸில் ஒரு நாளுக்கு மேல் திறக்காமல் கிடக்கிற ஃபைலைத் தானாக அழித்துவிடு என்று அதில் சொல்லிவைக்கலாம். வேலை செய்கிற பையன்களுக்கு ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், கடை முதலாளியின் பில், டேலி என்கிற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி வேலைக்கு இன்னொரு அக்கவுண்ட், வாடிக்கையாளர் உட்காரத் தனியாக ஒன்று. வாடிக்கையாளர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் பாஸ்வேர்டு என்பது எந்த ஜெராக்ஸ் கடைப் பையனுக்கும் தெரியும், அவனிடம்தானே வாய்விட்டுச் சொல்கிறோம். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க் செய்த ஆதாரை இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது, முழு எண் தேவையில்லாத இடத்தில் அதைக் கொடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்று 2023-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. சொந்த வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கு உண்டு, தொழில் செய்கிற கடைக்கு அந்த விலக்கு கிடையாது என்பதை வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு எடுத்துச்சொன்னால் நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஃபைலை இன்னொருவர் தொடாமல் பார்த்துக்கொள்ள. ஆனால் பர்மிஷன் என்பது விண்டோஸ் வாசலில் நிறுத்திவைத்த வாட்ச்மேன் மாதிரி, விண்டோஸ் ஓடினால்தான் அவன் டியூட்டியில் இருப்பான். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு சிஸ்டத்தில் மாட்டினாலோ, விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்தாலோ, அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கினாலோ, லாகின் பாஸ்வேர்டு, ஃபோல்டர் அனுமதி எதுவும் கேட்காது. எல்லா ஃபோல்டரும் திறக்கும். நான் அந்தத் தொழிலிலேயே இருப்பதால் சொல்கிறேன், பூட்டாத டிஸ்க் என் மேஜைக்கு வந்தால் அதில் உள்ள அத்தனையும் நான் நினைத்தால் பார்க்கலாம். நான் பார்ப்பதில்லை என்பது என் குணம். உங்கள் பாதுகாப்பு என் குணத்தை நம்பி இருக்கக் கூடாது.

பெண்பிள்ளைகள் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கிறபோது ‘ஜாக்கிரதையா இரும்மா’ என்று சொல்லி அனுப்புகிறோம். ஜாக்கிரதை என்றால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. கீபோர்டு மாற்ற, பேட்டரி மாற்ற, ஹின்ஜ் உடைந்ததைச் சரிசெய்ய, சார்ஜிங் போர்ட் மாற்ற லாகின் பாஸ்வேர்டு தேவையே இல்லை. விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில் போயோ பென்டிரைவில் பூட் செய்தோ வேலை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் வேலை என்றால் சர்வீஸ் ஆளுக்கென்று தனி அக்கவுண்ட் ஒன்று போட்டுக் கொடுத்து, முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அவருக்கு அட்மின் கொடுக்க வேண்டிய வேலை என்றால் பக்கத்தில் இருப்பது இன்னும் அவசியம்.

டிஸ்க்கையே பூட்டுவதற்கு விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பு ஓடுகிற புது லேப்டாப்களில் அதன் எளிய வடிவம் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோகிறவருக்கு வெறும் குப்பைதான் தெரியும். சென்னை ரிட்சி தெருவுக்குப் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோகிறவர்களும் நிம்மதியாகக் கொடுக்கலாம், ஏனென்றால் டெலிட் செய்த ஃபைலை மீட்டு எடுக்க முடியும், பூட்டிய டிஸ்க்கைச் சாவி இல்லாமல் மீட்க முடியாது. நல்ல விஷயம். ஆனால் இதில்தான் இப்போது பெரிய வேதனை நடந்துகொண்டிருக்கிறது, இந்தக் கடிதம் எழுதவே அதுதான் காரணம்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக அமைக்கிற கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு உள்ளே போனால் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. வாங்கியவருக்கு அது தெரியாது. பூட்டின் சாவி 48 இலக்க எண், அது அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண நாளில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. மதர்போர்டு மாற்றினாலோ, சில நேரம் பயாஸ் அப்டேட் ஆனாலோ, நீலத்திரையில் அந்த 48 எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். குடியாத்தத்திலிருந்து ஒரு பத்திர எழுத்தர் தன் லேப்டாப்பை இப்படித்தான் என்னிடம் கொண்டுவந்தார். மதர்போர்டு போய், வேறு இடத்தில் மாற்றி வாங்கியிருக்கிறார். திரையில் சாவி எண் கேட்கிறது. ‘உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் எதுங்க ஐயா’ என்று கேட்டேன். ‘எனக்கு இன்னாத்துக்கு தம்பி அக்கவுண்ட்டு, கடையில பையன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான்’ என்றார். வாங்கிய கடைக்குப் போன் போட்டால், அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், எந்த மெயில் ஐடியில் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்தில் தன்னுடைய மெயிலையே போட்டிருப்பான் என்கிறார்கள். அவனுடைய போன் நம்பரும் மாறியிருந்தது. எத்தனையோ குடும்பங்களின் கிரயப் பத்திர நகல்கள், பாகப்பிரிவினை வரைவுகள் அதில். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது, உள்ளே எல்லா ஃபைலும் இருக்கிறது, ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. அவர் அந்த லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார், என்னால் செய்யக் கூடியது எதுவும் இல்லை.

இதில் யார் தவறு என்றால், விற்கிறபோது அமைத்துக் கொடுக்கிற முறையில்தான் தவறு. வாங்குகிறவரின் சொந்த மெயில் ஐடி, சொந்த போன் நம்பர் போட்டுத்தான் அக்கவுண்ட் தொடங்க வேண்டும். அவருக்கு மெயில் இல்லை என்றால் அங்கேயே ஒன்று ஆரம்பித்து, பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். டேலி வைத்திருக்கிற கடைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிகிறது. டேலி கணக்கைப் பூட்டுகிற டேலி வால்ட் பாஸ்வேர்டு மறந்துபோனால் கணக்கு போனது போனதுதான், கம்பெனிக்காரர்களே எடுத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பது ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதே விதி இப்போது முழு லேப்டாப்புக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக் கூடியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’ பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் அக்கவுண்ட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். அந்த அக்கவுண்ட் யாருடையது என்று தெரியாவிட்டாலும், கம்ப்யூட்டர் இப்போது திறந்து வேலை செய்கிறது என்றால் கவலையில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து ‘மேனேஜ்-பிடிஇ’ (manage-bde) என்ற கட்டளையில் கேட்டால் 48 எண்ணையும் அங்கேயே காட்டிவிடும், தெரிந்த பையன் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். திரையில் வருகிற சாவி எண்ணோடு அதன் ஐடியும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள், வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் எது எதற்கு என்று அந்த ஐடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். எழுதியதை அதே லேப்டாப்பில் வைத்துப் பயனில்லை. காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க வேண்டாம்.

பழைய சிஸ்டம் வைத்திருக்கிறவர்கள், அரசு 2011-லிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள், விண்டோஸ் 10-ஐ விட்டு நகர முடியாதவர்கள் (2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டது) என்று நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெராகிரிப்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு பெரிய ஃபைலை உண்டாக்கி, அதையே ஒரு பூட்டிய டிரைவாக மாட்டிக்கொள்ளலாம். பத்திரம், ஆதார், பேங்க் பேப்பர் மட்டும் அதற்குள் போட்டால் போதும். லினக்ஸுக்கு மாற நினைக்கிறவர்களும் மாறலாம். நிறுவுகிறபோதே டிஸ்க்கைப் பூட்டவா என்று கேட்கும், அப்போதே ஆம் சொல்லிவிட வேண்டும், பின்னால் செய்வது கஷ்டம். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து ஒருவர் ஹோம் ஃபோல்டரை இன்னொரு யூசர் பார்க்க முடியாதபடிதான் வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் அந்த ஃபோல்டரின் அனுமதியை 750 என்று, அதாவது மற்ற யூசர்கள் திறக்க முடியாதபடி, மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே போய் இதைச் சொன்னாலும் இரண்டு பதில் வருகிறது. ‘நம்ம வூட்ல இன்னா ரகசியம் கீது தம்பி’ என்பது ஒன்று. ரகசியம் எதுவும் இல்லாத வீட்டிலும் பத்திரம் இருக்கிறது, பேங்க் இருக்கிறது, பெண்பிள்ளையின் போட்டோ இருக்கிறது. இன்னொன்று, ‘பொண்டாட்டிக்கும் எனக்கும் நடுவுல பாஸ்வேர்டு எதுக்கு, நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுக்க மாட்டாளா’ என்பது. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தனி அக்கவுண்ட் என்பது ஒளித்துவைப்பதற்காக அல்ல. அவருடைய ஃபைலை நீங்கள் தெரியாமல் அழித்துவிடாமல் இருக்கவும், உங்கள் அக்கவுண்ட்டில் ஒரு வைரஸ் வந்தால் அது அவருடைய ஃபோல்டர் வரை போகாமல் நிற்கவும்தான். பாஸ்வேர்டை இருவரும் தெரிந்துவைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் தெரிந்துவைத்திருப்பதுதான் நல்லது. வீட்டுத் தலைவர் திடீரென்று இறந்துபோய், இன்சூரன்ஸ் பேப்பர் லேப்டாப்பில்தான் இருக்கிறது, பாஸ்வேர்டு தெரியவில்லை என்று கண்ணீரோடு வருகிற குடும்பங்களை நான் பார்க்கிறேன். டிஸ்க் பூட்டாமல் இருந்தவரை எப்படியாவது எடுத்துக் கொடுத்தோம். இனிமேல் முடியாது. அதனால் அட்மின் பாஸ்வேர்டு, 48 எண், இரண்டையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, கவர் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். கூடவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் பூட்டிய டிஸ்க் பழுதானால் பூட்டாத டிஸ்க்கிலிருந்து எடுக்கிற அளவுக்கு எடுக்க முடியாது. அந்த நகலையும் பூட்டியே வையுங்கள்.

வேலூரிலும் காட்பாடியிலும் லேப்டாப் விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லோடு வாரண்டி அட்டை கொடுக்கிற மாதிரி, வாங்குகிறவர் பெயரில் தொடங்கிய அக்கவுண்ட்டின் விவரத்தையும் 48 எண் சாவியையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள், உங்கள் கடையில் நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். என்னைப் போன்ற சர்வீஸ் ஆட்களுக்கும் சொல்கிறேன், மதர்போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் அதை நிறுத்திவைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், சிஸ்டம் எழுந்திருக்கவே இல்லை என்றால் சாவி இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வார இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கி, அக்கவுண்ட் பிரிப்பது, டி டிரைவ் ஃபோல்டரைப் பூட்டுவது, சாவியை எடுத்து வைப்பது இம்மூன்றையும் திரைப் படங்களோடு தமிழில் போடுங்கள். படங்களை நானே எடுத்து, எழுதியும் அனுப்புகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடைகளுக்கு வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு சிறு அறிவிப்பு அச்சடித்துக் கொடுக்க யாராவது முன்வந்தால், கடை கடையாகப் போய் ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.